மே மாதத்து ஈப்பிடிப்பான்

டாக்டர் கோபாலசாமியின் பெயரை யாராவது எடுத்தால் வான்மதி கையில் இருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிடுவாள். பேச்சை மாற்றுவது நல்லது என்று எதிரில் இருப்பவருக்குத் தானே தெரிந்துவிடும்.

உடுமலைப்பேட்டைப் பெண். டாலஸை ஒட்டிய ரிச்சர்ட்சனில் டெலிபோன் கருவி செய்யும் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். எப்போது, என்ன செய்தபோது, என்ன நடந்தது என்று பிசகில்லாமல் எழுதிக் கொடுக்காவிட்டால் அந்தத் தப்பை யாரும் சீந்தமாட்டார்கள். வந்த புதிதில், கார் இல்லாத ஏப்ரல் மாதத்தில், அபார்ட்மென்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கரையில் நடந்தபோதுதான் பறவை பார்க்கும் பழக்கம் தொற்றியது. அதிலும் ஆபீஸ் புத்திதான். கண்ணில் தெளிவாகப் படாத எதையும் பார்த்ததாகச் சொல்லமாட்டாள்.

தொண்ணூற்றாறில், இரண்டு வருஷமாகச் சேர்த்த லீவையெல்லாம் போட்டு, அலாஸ்காவுக்கும் அப்பால் பேரிங் கடலில் கிடக்கும் ஒரு தீவுக்குப் போனாள். மரம் என்று ஒன்றுகூட இல்லாத தீவு. வசந்தத்தில் மேற்கிலிருந்து காற்று அடித்தால், சைபீரியாவுக்குப் போகிற சின்னச் சின்னக் குருவிகள் வழி தவறி அங்கே வந்து விழும். எந்தக் குருவி எந்த வாரத்தில் வரும் என்று அட்டவணை உண்டு. பல வருஷமாகக் குழுக்களை அழைத்துப்போகும் லாயிட் என்பவர் கைப்பட எழுதி வளர்த்த அட்டவணை அது. அரிய பறவையைப் பார்த்தேன் என்று யார் எழுதினாலும் ஏற்பதா தள்ளுவதா என்று சொல்லும் கமிட்டியிலும் அவர் இருந்தார்.

வான்மதி போன குழுவில் இன்னொரு தமிழர் ஹூஸ்டன் இதய டாக்டர் கோபாலசாமி. வயதில் பெரியவர். விமானத்தில் வான்மதியின் பக்கத்து சீட்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

"நம்ம ஆளுங்க ரெண்டே பேருதாம்மா. ஒட்டிக்கிட்டே இருப்போம்," என்றார்.

ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். மே மாதம் மூன்றாவது வாரம். காற்று மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியிருந்தது. கடற்கரையில் யுத்தகாலத்துத் துருப்பிடித்த பீப்பாய்கள் குவிந்து கிடந்த இடத்தில், ஒரு பீப்பாயின் விளிம்பிலிருந்து சாம்பல் நிறக் குருவி ஒன்று எழும்பி, எதையோ கவ்விக்கொண்டு அதே விளிம்பில் வந்து உட்கார்ந்தது. வெள்ளை மார்பில் பென்சிலால் இழுத்த மாதிரி கோடுகள். சைபீரிய ஈப்பிடிப்பான். வான்மதி தன் டெலஸ்கோப்பை விட்டு நகர்ந்து டாக்டருக்கு இடம் கொடுத்தாள். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"கோடெல்லாம் எவ்வளவு க்ளியரா இருக்குது பாரு. எனக்கு இது புதுசும்மா," என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாக்கி டாக்கியில் சொன்னாள். அது ஜூன் மாதத்துப் பறவை, இப்போது வராது, வேறு ஏதாவது சிட்டாக இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்றது லாயிடின் குரல். அவர் அவசரப்படாமல் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது கடலிலிருந்து மூடுபனி ஏறி, பீப்பாய்களே தெரியவில்லை.

அங்கே தினமும் ஒரு வழக்கம். சாயங்காலம் சூப்பும் ரொட்டியுமாக எல்லோரும் உட்கார்ந்ததும் லாயிட் ஒவ்வொரு பறவையின் பெயராக வாசிப்பார். பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும். அன்று கடைசியாக, சிரித்துக்கொண்டே, ஈப்பிடிப்பான் என்றார். வான்மதி கை தூக்கினாள். எதிர் பெஞ்சில் இருந்த டாக்டர் சூப்புக் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள் என்று லாயிட் கேட்டார்.

வெளிச்சம் போதவில்லை, சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர், சுத்தமான ஆங்கிலத்தில்.

வான்மதிக்குக் காது மடல் கொதித்தது. ஈர பூட்ஸ் காயவைக்கும் அறையில் அவரைப் பிடித்தாள்.

"என்ன சார் இது? பாத்தீங்க. கை குடுத்தீங்க."

"பாத்தேன்தாம்மா. யாரு இல்லைன்னா? ஆனா லாயிடே வராதுங்கறப்ப நாம ரெண்டு பேரும் அடம் புடிச்சா, இந்தியாக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு ஆயிரும். என்னைக் கமிட்டில சேத்தறதா வேற சொல்லியிருக்காரு. அதையும் பாக்கோணுமில்ல?"

"எனக்கு மட்டும் ஒண்ணும் தெரியலைன்னு ஆனாப் பரவால்லையா?"

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு இன்னும் எத்தனையோ சீசன் இருக்குது."

ஊருக்கு வந்ததும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி அனுப்பினாள். கமிட்டி தள்ளிவிட்டது. பார்த்தது ஒருவர் மட்டுமே, தேதியும் பொருந்தவில்லை என்றார்கள். எடிசன் என்ற ஊரில் இருக்கும் அக்கா பவளத்திடம் போனில் கொட்டித் தீர்த்தாள்.

"மே மாசத்துல பாத்தேன்னா ஒத்துக்க மாட்டேங்கறாங்க அக்கா. ஏன்னா இதுவரைக்கும் யாரும் மே மாசத்துல பாத்ததில்லையாம். இப்படி ஒவ்வொருத்தரையும் தள்ளிட்டா எப்படி இருக்கும்?"

"கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்றதுக்குத்தான் சாட்சி கேப்பாங்க. குருவிக்கும் சாட்சியா?" என்று சிரித்த பவளம், டாக்டர் செய்ததைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாள். "அந்தாளு நம்பரக் குடுடி. நான் கேக்கறேன்."

"வேண்டாம். நானே கேட்டாச்சு."

அதற்கப்புறம் பறவை பார்ப்பவர்கள் வட்டாரத்தில் அவள் பெயர் எப்படி அடிபட்டது என்பது அவளுக்கே தெரிந்தது. டாலஸ் பக்கத்து ஏரிக்குப் போனால்கூட, 'நீங்கள்தானே அந்த ஈப்பிடிப்பான்' என்று யாராவது கேட்டுவிட்டுப் புன்னகைப்பார்கள். சரியாகப் பார்ப்பவள் என்பதைத் தவிர அவள் வேறு எந்தப் பெருமையும் கேட்டதில்லை. அதில்தான் கை வைத்திருந்தார்கள்.

தொண்ணூற்றெட்டில், அதே தீவில், அதே மே மாதத்தில், லாயிடே ஈப்பிடிப்பானைப் பார்த்தார். போட்டோவும் எடுத்தார். அட்டவணை ஒரே வாரத்தில் மாறியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் போன் செய்தார். அவர் கமிட்டியில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"வான்மதி, உன் கேஸை ரீஓப்பன் பண்ணலாம்மா. நானும் பாத்தேன்னு ஒரு ஸ்டேட்மென்ட் குடுத்தர்றேன். மே மாசத்துல மொத மொதல்ல பாத்தது நீதான்னு ஆயிரும்."

அவளுக்கு அது வேண்டும்தான். இரண்டு வருஷமாக வேண்டும்.

"என்ன எழுதுவீங்க?"

"பாத்தேன், கோடு தெளிவா இருந்துச்சுன்னு எழுதுவேன்."

"அன்னிக்குச் சாயங்காலம் வெளிச்சம் போதலைன்னு சொன்னீங்களே, அதையும் எழுதுங்க. ஏன் அப்படிச் சொன்னீங்கன்னும் எழுதுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப? பழைய கதை."

"குருவியும் அதே நாள் கதைதான் சார்."

டாக்டர் குரலை இறக்கிக்கொண்டார்.

"என் பேரைக் கெடுத்துட்டு உன் பேரு நல்லாவணுமா? வீம்பு புடிச்சா நஷ்டம் உனக்குத்தான்."

"எனக்குத்தான் சார்," என்றாள் வான்மதி. "நீங்க எழுத வேண்டாம்."

மே மாதத்தில் முதலில் பார்த்தவர் என்று லாயிடின் பெயர் அச்சாகி வந்தது. வான்மதி பார்த்தது இன்றுவரை தள்ளியவற்றோடுதான் கிடக்கிறது. கோபாலசாமி கமிட்டியில் இருக்கிறார்.