காயப்போடும் காட்டில் ஒரு வேம்பு

வெளியூரிலிருந்து வந்து காதர்பேட்டைச் சந்தையில் நான் கேட்ட பனியன் துணி இன்னும் காயவில்லையாம். அதனால் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் துணி காயப்போடும் வெட்டவெளிக் காட்டுக்கே வந்துவிட்டேன். தரையெங்கும் வெளுத்த துணி விரிந்து கிடக்கிறது. நடுவில் ஒரே ஒரு வேப்பமரம். அதனடியில் வேலைக்காரப் பெண்கள் நாலு பேர் சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் ஒருவர் கோடாலியோடு நிற்கிறார்.

காட்டின் முதலாளி லூனா வண்டியை விட்டு இறங்கி, என்னைக் கைகாட்டுகிறார். "எந்திரிங்கம்மா, மரத்த வெட்டோணும். இவரு துணி பாதி நெழல்லயே கெடக்குது."

"நாங்க எங்கீங்க உக்காருவோம்?" என்கிறார் மூத்தவரான சரசக்கா.

"தகரக் கொட்டாய்ல உக்காருங்க."

"அதுக்குள்ள உக்கார முடியுமுங்களா?"

முடியாதுதான். இவ்வளவு நேரம் அந்தக் கொட்டகையில்தான் வெந்துகொண்டிருந்தேன். அங்கேயும் நிழல்தானே, இங்கே மட்டும் எப்படி இத்தனை குளுமை? வெயிலில் நீண்டிருக்கும் கிளையில் ஓர் இலையைத் தொட்டுப் பார்க்கிறேன். சுடவே இல்லை. கொட்டகைத் தகரத்தில் கை வைத்தால் கொப்பளித்துவிடும். இந்த இலை வெயிலை என்னதான் செய்கிறது?

"எனக்காக வெட்ட வேண்டாம். காய்ந்ததும் நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்கிறேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார். "இன்னிக்கு ரயிலு?"

"போகட்டும்."

கோடாலிக்காரரைத் திரும்பிப் போகச் சொல்கிறார். சரசக்கா சற்று நகர்ந்து இடம் விடுகிறார்.

"உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?"