கேசிங் வாயில் சாக்கு

சென்னிமலை மாமா முப்பத்தொரு வருடம் ரிக் வண்டியில் லீவர் பிடித்தவர். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர்வெல் போடும் லாரியின் பின்னால் இரும்புப் படியில் நின்று, பூமிக்குள் போகும் ராடை ஏற்றி இறக்குகிறவர்தான் டிரில்லர். வண்டியில் இருக்கும் மற்ற ஏழு பேரும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். வருடத்தில் ஒன்பது மாதம் வடக்கே எங்காவது புழுதிக்குள் கிடப்பார்கள்.

ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், ராய்ப்பூரைத் தாண்டி ஒரு சாலையோரத்தில் டிஎன் 34 என்று எங்கள் ஊர் நம்பர் பலகை வைத்த ரிக்கைப் பார்த்து நான் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டேன். மாமாவின் வண்டிதான். என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உன்னய ஊட்ல தொரத்தி உட்டுட்டாங்களா புள்ள?" ஏழு பேரும் சிரித்தார்கள். அவர் சிரித்தால் அவர்களும் சிரித்தாக வேண்டும்.

வண்டியில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பது அவர்தான். ராடுகளுக்கு நடுவே சிக்கி உதவியாள் கருப்பண்ணனின் மோதிர விரல் பாதியாகப் போனது. கட்டுப் போட்டுக்கொண்டு அவன் மத்தியானச் சோற்றுக்கு வந்து உட்கார்ந்தபோது, "வாடா நாலரை" என்றார். எட்டு வருடமாகக் கருப்பண்ணன் நாலரைதான். ரேஷன் கடையில்கூட.

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. குழி தோண்டி முடிந்தபின் கம்ப்ரஸர் காற்றை அடித்து உள்ளே கிடக்கும் சேற்றையும் கல்தூளையும் வெளியேற்ற வேண்டும். ஃப்ளஷிங் என்பார்கள். தண்ணீர் தெளிந்து வந்த பிறகும் நெடுநேரம் அடித்தால்தான் மேலே ஒட்டியிருப்பது கழன்று இறங்கி வரும். மாமா முதல் தெளிவைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். "தெளிஞ்சுருச்சு, ராடக் கழட்டு." குழியின் மேல்பக்கம் மண் சரியாமலிருக்க இறக்கிய கேசிங் குழாயின் வாயில் ஒரு சாக்கைக் கட்டிவிட்டு வண்டி கிளம்பிவிடும். ஒரு மாதத்தில், குழி போடச் சொன்ன காட்டுக்காரரின் மோட்டார் சேறு அடைத்து நிற்கும்போது வண்டி மூன்று மாவட்டம் தள்ளி இருக்கும். அவர்கள் எந்த மொழியில் திட்டினார்களோ, இவருக்குத் தெரியாது. வண்டி முதலாளி காளிதாஸுக்கு இந்தப் பழக்கம் பிடித்திருந்தது. டீசல் மிச்சம்.

மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்து ஒரு வருடம் மாமா யாரிடமும் சொல்லவில்லை. மூலச்சூடு, வண்டிச் சூடு என்று கருணைக்கிழங்கு தின்றார். போன ஐப்பசியில் வீட்டுக்கு வந்தபோது வேட்டியைத் துவைத்த பாவாயி அத்தைதான் கண்டுபிடித்து ஈரோட்டுக்கு இழுத்துப்போனார். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டுப் புற்று என்றார்கள். பெரிதாகப் பரவவில்லை. வயிற்றைக் கிழிக்காமல் நாலு சின்ன ஓட்டை போட்டு, கட்டி இருக்கும் குடலை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் உள்ளேயே இணைத்துவிடலாம் என்றார் டாக்டர் நர்மதா.

மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தை முடியறதுக்குள்ள வண்டியேற முடியுங்களா?"

"எல்லாம் சரியா நடந்தா முடியும். ஆறு வாரம் வெயிட் தூக்கக் கூடாது."

காளிதாஸ் அதற்கு முந்தின வாரமே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். "தை கடேசில வண்டி கெளம்புதுங்ண்ணா. அன்னைக்கு நீங்க நின்னு புடிக்கிற மாதிரி இருந்தா லீவர் உங்குளுது. இல்லீனா நாலரை புடிப்பான்." நாலரை தனக்கு மேல் நிற்பது மாமாவுக்குப் புற்றைவிடப் பெரிய செய்தியாக இருந்தது. அன்று இரவு அவர் சாப்பிடாததற்குக் காரணம் அதுதான் என்று அத்தை சொன்னார்.

கார்த்திகையில் நாள் குறித்தார்கள். பிள்ளைகள் இல்லாத வீடு. நான்தான் கார் ஓட்டினேன். அதற்கு முந்தின ஒரு வாரம் மூச்சை இழுத்து மூன்று பந்துகளைத் தூக்கும் பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மூன்றையும் மாமா முதல் தடவையே தூக்கிவிட்டு, "நாலாவது பந்து எங்கீங்க?" என்று நர்ஸ் ஷாலினியைக் கேட்டார். நாலு ஓட்டை என்பது அவருக்கு விளையாட்டாகவே இருந்தது. "நா ஒரு நாளைக்கு ரெண்டு ஓட்டை ஆயிரம் அடி போடறவன். இவங்க நாலு ஓட்டை அரையடி போடறதுக்கு ஏழு டெஸ்டு எடுக்கறாங்க."

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். வயிற்று முடியை மழித்தார்கள். இளநீர், வடிகட்டிய சாறு தவிர வேறொன்றும் கூடாது. ஷாலினி இரண்டு பேதி மருந்துப் பொட்டலங்களை அத்தையிடம் கொடுத்தார்.

"ஒவ்வொண்ணயும் ரெண்டு லிட்டர் தண்ணில கலக்கி ரெண்டு மணிக்கு ஒண்ணு, ஆறு மணிக்கு ஒண்ணு. கால் மணிக்கு ஒரு டம்ளர். தண்ணி மாதிரி போனாலும் நிறுத்தக் கூடாது. புரிஞ்சுதாங்கப்பா?"

"ஃப்ளஷிங் பண்றதுங்க. எனக்கேவா சொல்லித் தாரீங்க?"

முதல் பொட்டலத்தைக் குடித்தார். ஐந்தரை மணிக்குள் பதினோரு தடவை போய் வந்தார். கடைசியாகக் கதவைத் திறந்தபோது முகத்தில் ஒரு வெற்றி. "கண்ணாடியாட்ட வருது. முடிஞ்சுது சோலி."

ஆறு மணிக்கு அத்தை இரண்டாவதைக் கலக்கிக்கொண்டிருந்தபோது மாமா இளநீர் வாங்கி வர என்னை அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது ஜாடி காலியாக இருந்தது. வாஷ்பேசினில் மருந்தின் எலுமிச்சை வாசம். அத்தை என்னைப் பார்க்காமல் ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஷாலினி எட்டிப் பார்த்து, "குடிச்சாச்சா?" என்றார்.

"ஆச்சுங்க" என்றார் மாமா. அத்தையும் தலையை ஆட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் ஆபரேஷன் இரண்டு மணி நேரம் என்றார்கள். நாலரை மணி நேரம் ஆனது. டாக்டர் நர்மதா வெளியே வந்தபோது கோபத்தை அடக்கிக்கொண்டிருந்தார். கட்டியை முழுதாக எடுத்துவிட்டோம், ஆனால் குடல் சுத்தமாக இல்லை, மேலே இருந்ததெல்லாம் கீழே இறங்கி நின்றது, அதில் இணைப்புப் போட்டால் பிய்ந்து உயிருக்கே ஆபத்து என்றார். குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைத்து, மேலே மலம் சேர ஒரு பை ஒட்டியிருந்தார்கள். நாலைந்து மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷனில் உள்ளே இணைத்துக்கொள்ளலாம்.

"ரெண்டு பொட்டலமும் குடிச்சாரா?" என்று கேட்டார். அத்தை, "குடிச்சாருங்க" என்றார்.

மயக்கம் தெளிந்த மாமாவுக்கு முதலில் வலித்தது தோள்பட்டை. வயிற்றை உப்ப வைக்க அடித்த காற்று தோளில் போய் வலிக்கும், நடந்தால் சரியாகும் என்றார்கள். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமினார். மறுநாள் காலை ஷாலினி எழுப்பி நடக்க வைத்தபோதுதான் சட்டை விலகிப் பையைப் பார்த்தார். தொப்புளுக்கு இடது பக்கம், ஈரமான சிவப்பில் குடல் வாய் நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர் மறுபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அத்தையைப் பார்த்துக் கேட்டார்: "மருந்த என்ன எழவுக்குக் கலக்குன நீ?"

அன்று முதல் கதை அதுதான். வீட்டுக்கு வந்து ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகச் சொந்தக்கார ஒரம்பரைகள் வர ஆரம்பித்ததும், ஒவ்வொருவருக்கும் நாலு பிளாஸ்திரியைக் காட்டுவார், பையைத் துண்டால் மூடிக்கொள்வார், பிறகு சொல்வார்: "ரெண்டு லிட்டர்ல கலக்கச் சொன்னாங்க. இவ கைக்கு வந்த அளவுக்குக் கலக்கிட்டா. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவளக் கட்டுனா இப்பிடித்தான்." அத்தை எல்லோருக்கும் காபி கொண்டுவந்து வைப்பார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

பையை மாற்றுவதும் அத்தைதான். மாமா பார்க்க மாட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வெந்நீரில் துடைத்து, வட்டத்தை அளந்து வெட்டி, ஒட்டி, ஒரு நிமிடம் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்திலும் அவர் திட்டுவார். "நாறுதுன்னு மூஞ்சியச் சுளிக்காத. உன்னாலதான." அத்தையின் முகம் சுளிக்கவே இல்லை.

நாலாவது வாரத்திலிருந்து வாசலில் நடந்தார். காலி சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கப் போனவரை நான் தடுத்தேன். சட்டைக்கு மேலே சட்டை போட்டு, பை தெரிகிறதா என்று என்னையே கேட்பார். லீவர் பிடிக்க இரண்டு கை போதும், வயிறு எதற்கு என்பார்.

தை பாதியில் காளிதாஸ் கருப்பண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமா நேராக உட்கார்ந்தார்.

"டாக்டரம்மா போலான்னுட்டாங்க மொதலாளி. இந்தப் பை ஒண்ணுதான். அதும் நா பண்ணுன தப்பில்ல. இவ மருந்தக் கலக்கத் தெரியாம—"

"அப்பிடியாங்க்கா?" என்று காளிதாஸ் அத்தையைக் கேட்டார். மரியாதைக்குக் கேட்டதுதான்.

அத்தை காபித் தம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மருந்து சரியாத்தானுங் கலக்குனேன். பாதிய இவரு கொட்டிட்டாரு. தெளிஞ்சுருச்சு, நிறுத்துன்னாரு. வண்டில பண்றாப்பலயேதானுங்."

காளிதாஸ் சிரித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஏனுங்ண்ணா, எங்கூட்டு டீசலத்தான் மிச்சம் பண்ணுவீங்கன்னு இருந்தேன். பேதி மருந்தயுமா?"

மாமா வயிற்றின் மேல் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். கருப்பண்ணன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருடம் காத்திருந்தவன் அவசரப்படவில்லை. காபியைக் குடித்து முடித்தான். தம்ளரைக் கீழே வைத்தான்.

"அப்ப கேசிங் வாய்க்குச் சாக்குக் கட்டியாச்சுங்க" என்றான்.

காளிதாஸ் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். போகும்போது படலுக்கு அருகே நின்று, "இந்தத் தடவ நாலரை புடிக்கட்டுங்ண்ணா. ஒடம்பப் பாத்துக்கங்க" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் ரிக் பட்டறை முழுக்க அந்தக் கதை போய்விட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் என்னையே ஒருவர் கேட்டார், "கேசிங்குக்கு இப்ப எப்பிடிங்க இருக்குது?"

அவர்கள் போனபின் மாமா அத்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏன்டி சொன்ன?"

"கேட்டாங்க."

அன்று பை மாற்றும்போது அவர் திட்டவில்லை. அத்தையும் வழக்கமாகப் பிடிக்கும் ஒரு நிமிடத்தைப் பிடிக்கவில்லை. ஒட்டினார், எழுந்து போய்விட்டார். மாமா தானே குனிந்து, முதல்முறையாக அதைப் பார்த்து, உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

தை கடைசியில் வண்டி கிளம்பியது. மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளப்பினார்கள். எங்கள் தெரு வழியாகத்தான் பைபாஸுக்குப் போக வேண்டும். ஹாரன் கேட்டதும் மாமா எழுந்து வாசலுக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

வண்டி வீட்டு முன்னால் வேகம் குறைந்தது. பின்னால் லீவர் படியில் கருப்பண்ணன் நின்றிருந்தான், கழுத்தில் ஒரு துணுக்கு மல்லிகையோடு. பாதி விரல் இருந்த கையைத் தூக்கி ஆட்டினான்.

"கேசிங்கண்ணா, போய்ட்டு வாரோங்!"

வண்டியில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரிக்கும்போது வலது கை தானாகச் சட்டைக்கு மேல் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"கைய எடுங்க" என்றார் அத்தை, வாசலைப் பெருக்கிக்கொண்டே. "கழண்டுரும்."

சித்திரையில் இரண்டாவது ஆபரேஷன். பொட்டலங்களைத் தானே கலக்கிக்கொள்வதாக அத்தையிடம் சொல்லியிருக்கிறார். நல்லது என்றிருக்கிறார் அத்தை.