நன்றி சொல்லாத எங்கள் அக்கா

அச்சகத்துக்காரர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். நினைவு மலருக்கென்று அவரிடம் ஒரு வாசகம் தயாராக இருந்தது. படத்துக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முன்பே எழுதிவைத்திருந்தார். "பாசத்தின் சிகரமே" என்று தொடங்கி, "நேரில் வந்தும் தொலைபேசியிலும் ஆறுதல் கூறிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி" என்று முடிந்தது. முன்பின் பார்த்திராத ஒருவரைப் பற்றி எப்படி இவ்வளவு நல்லதாக எழுதிவைக்க முடியும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், முக்கியமாக அந்தக் கடைசி வார்த்தையை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"நன்றி இல்லாம யாருமே அடிச்சதில்லையே மேடம்" என்றார்.

எங்கள் அக்கா இருந்திருந்தால் ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரியவைத்திருப்பார். அக்கா இல்லாததால் தங்கை நான் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது அடையாற்றங்கரையில், இன்றைக்கும் நாங்கள் குடியிருக்கும் இதே தெருவில்தான். கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த அப்பா சீக்கிரமே தவறிவிட, அம்மாவின் இஸ்திரி வண்டிக்கு அக்கா துணைக்குப் போனார். நாலு நாளைக்கு என்று போனவர் அதன் பிறகு பள்ளிக்கூடம் பக்கமே திரும்பவில்லை. என்னைப் பத்தாம் வகுப்பு வரை படிக்கவைத்தது அந்த வண்டிதான். தி.நகர் ஜவுளிக் கடையில் என்னை வேலைக்குச் சேர்த்தபோது, எல்லோரும் முதலாளிக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் "பொம்பளைங்க சாப்டுற எடம் எங்க கீது, காட்டு" என்று மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டுப் போனார்.

சந்தேகம் அவருக்கு மூச்சு மாதிரி. துணி கொண்டுவந்தவர் கிளம்புவதற்கு முன்னால், அவர் கண் எதிரிலேயே ஒவ்வொரு சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் இஸ்திரிப் பெட்டியைத் தொடுவார். சின்ன வயதில் ஒரு வீட்டம்மா அவர்மேல் சுமத்திய திருட்டுப் பழி அப்படி. தொலைந்த மோதிரம் பிறகு அந்த வீட்டுக் குளியலறையிலேயே கிடைத்தது. கிடைத்ததை யாரும் வந்து சொல்லவில்லை, வேலைக்காரப் பெண் மூலம் தெரிந்தது. கல்யாணமும் இப்படியேதான் தட்டிப் போயிற்று. வந்த மாப்பிள்ளைகளை அக்கா கேட்ட கேள்விகளில் ஒருவர் பாதி காபியிலேயே எழுந்து போனார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அக்கா சிரிக்க மாட்டார். "பதில் கீறவன் எழுந்து போவானா?" என்பார்.

அப்படிப்பட்டவர் நன்றி என்ற வார்த்தையை ஏன் விட்டார் என்பதைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு வெள்ளத்தில் எங்கள் தெருவின் கீழ்ப்பாதி முழுகிப்போனது. வேனில் அரிசியும் போர்வையும் வந்தன. கொடுத்தவர்கள் செல்போனை நீட்டி "ஒரு நன்றி சொல்லுங்கம்மா" என்றார்கள். கீழ்ப்பாதியில் இருந்த எங்கள் சித்திக்கு எப்போதும் சிரித்த முகம். "ரொம்ப நன்றிப்பா, எல்லாம் நல்லா கீது, ஒரு கொறையும் இல்ல" என்றார். பிறகு கீழ்ப்பாதியை ஊருக்கு வெளியே மாற்றுவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. அதில் யாரோ சித்தி பேசிய வீடியோவைப் போட்டுக் காட்டி, பார்த்தீர்களா, மக்களுக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். கீழ்ப்பாதி மொத்தமும் போனது. ஆழ்வார்பேட்டையில் சமையல் வேலை பார்த்த சித்தி, பஸ் மாறி மாறி வர முடியாமல் வேலையை விட்டார். அந்தச் சிரிப்பும் கொஞ்ச நாளில் போயிற்று. வீடியோவால்தான் எல்லாம் நடந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அக்கா அடித்துச் சொன்னார்.

அடுத்து ஒரு புயல் வந்தபோது தண்ணீர் எங்கள் பாதிக்கும் ஏறியது. கூரைத் தகடுகள் பறந்தன. தெருக்குழாயின் மேல் மரம் விழுந்தது. கால்வாய் முழுக்கச் சேறும் குப்பையும் அடைத்துக்கொண்டு, வந்த தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நின்றது. எல்லோருக்கும் இருந்த பயம் ஒன்றுதான்: இந்தத் தடவை நம்மையும் அனுப்பிவிடுவார்கள்.

அக்கா வண்டியைக் கயிற்றால் கம்பத்தில் கட்டிக் காப்பாற்றியிருந்தார். அந்த வண்டிதான் எங்கள் சங்கம், அலுவலகம் எல்லாம். சுத்தம் செய்யும்வரை எல்லோரும் மண்டபத்துக்குப் போய்விடுங்கள் என்று யாரோ மைக்கில் சொன்னபோது, வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் தங்க வேண்டும், பூட்டிய கதவு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அக்கா முறை வைத்தார். ஆம்பிளைகள் மரம் வெட்ட, பெண்கள் சேறு தள்ள, அக்கா கரி மூட்டி நனைந்த ரேஷன் கார்டுகளையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் வேட்டித் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டுக் காயவைத்தார். உரியவர் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. கட்டின புருஷனிடம்கூட மனைவியின் கார்டைத் தரவில்லை.

முதல் வேன் வந்தது. செல்போனும் வந்தது. அக்கா குறுக்கே போய் நின்றார்.

"நன்றி சொல்லிட்டா முடிஞ்சுபூடும். யாரும் சொல்லாதீங்க. நாளைக்கும் வான்னு சொல்லுங்க. வர்றவன் வரட்டும்" என்றார்.

அதுதான் அக்கா வைத்த பரீட்சை. படம் எடுக்க வந்தவன் மறுநாள் வர மாட்டான், வேலை செய்ய வந்தவன் வருவான். தெரு முழுக்க ஒருவர் பின் ஒருவராகப் போர்வையை வாங்கிக்கொண்டு "நாளைக்கும் வாங்க, நாளைக்கும் வாங்க" என்றோம். கொடுத்தவர்கள் முகம் சுருங்கியது. இன்னும் வேண்டும் என்று கேட்கிறோம் என நினைத்துவிட்டார்கள். "இவ்ளோ கொடுத்தும் திருப்தி இல்ல பாரு" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த வேன் மறுபடி வரவில்லை. பேச்சு பரவியிருக்க வேண்டும், மற்ற வேன்களும் எங்கள் முனையைத் தாண்டிப் போயின.

எதிர் வீட்டு அண்ணி வண்டிக்கே வந்து சத்தம் போட்டார். "உனக்கு இன்னாக்கா, புள்ளையா குட்டியா? என் புள்ள ஈரத் தரையில பட்துகினு கீது. ஒரு நன்றி சொன்னா வாய் வெந்துடுமா?"

அக்கா வண்டிப் பலகையின் மேல் மடித்துப் போட்டிருந்த கம்பளியை உருவி அண்ணியின் தோளில் போட்டார். அது இல்லாமல் இஸ்திரி போட முடியாது. அன்றைக்கு எனக்கும் அக்காமேல் கோபம்தான். ஒரு வார்த்தைக்காகத் தெருவையே பட்டினி போடுகிறாரே என்று நினைத்தேன்.

அக்கா வைத்த பரீட்சையில் மறுநாள் வந்தவர் ஒரே ஒருவர்தான். சாலைக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடியில் குடியிருப்பவர், பூர்வீகம் மயிலாப்பூர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முந்தின நாள் தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஒரு வார்த்தை பேசுங்கோ, பம்பு கொடுத்தவாளுக்கு அனுப்பணும்" என்று செல்போனை எடுத்தவர்தான். அக்கா உள்ளங்கையால் அதை மறைத்து, "நாளைக்கும் வா சார், பாக்கலாம்" என்று அனுப்பியிருந்தார். அவர் வந்துவிட்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். தெரு அவருக்குப் பம்பு சார் என்று பெயர் வைத்தது.

வராதவர்களைவிட அவரைத்தான் அக்கா அதிகம் சந்தேகப்பட்டார். ஒரு நாள் அவர் வெறுங்கையோடு வந்து மண்வெட்டி கேட்டார். அக்கா என்னிடம் கிசுகிசுத்தார்: "கைய வீசிக்கினு வர்றான் பாரு. இன்னாத்த எட்துகினு போறான்னு கவனிச்சுக்கோ." நானும் கவனித்தேன். சேற்றைத்தான் எடுத்துக்கொண்டு போனார். கால்வாயில் இறங்கி வேட்டியெல்லாம் கறுப்பாகி நின்றார். அப்போதும் அக்கா சமாதானமாகவில்லை. ஒருத்தன் தினமும் சும்மா வருவானா, அவனுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த லாபத்தை அக்காவே கண்டுபிடித்தார். துணி கொடுக்கும் சாக்கில் அந்த அடுக்குமாடிக்குள் போய்ச் சுற்றிப் பார்த்தார். கார் நிறுத்தும் இடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். எங்கள் கால்வாய் அடைத்தால் தண்ணீர் திரும்பி அவர்கள் தரைத்தளத்தில் ஏறுகிறது. அக்கா ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"லாபம் தெரிஞ்சுபோச்சுடி! நம்ம கால்வா ஓடுனாத்தான் அவங்க காரு ஓடும். இனிமே பயமில்ல, வருவாரு" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வண்டியடியில் டீ கிடைத்தது. வர்றான் என்ற பேச்சு வருவாரு என்று மாறியது. அடுக்குமாடிக்காரர்கள் சிலரும் மண்வெட்டியோடு வர ஆரம்பித்தார்கள். எங்களை மாற்றுவது பற்றிக் கூட்டம் வைத்தபோது பம்பு சார் எழுந்து, "இவா இருக்கறதாலதான் அந்தக் கால்வாய் ஓடறது. இவாளை அனுப்பிட்டு அதை யார் பாக்கறது?" என்று கேட்டார். அக்கா அவர் பக்கத்திலேயே நின்றார், யாராவது செல்போனை நீட்டுகிறார்களா என்று பார்த்துக்கொண்டு. தெரு இன்றுவரை இருக்கிறது. இன்றுவரை என்றுதான் சொல்வேன், அதற்குமேல் சொன்னால் அக்காவுக்குப் பிடிக்காது.

ஈரத்திலும் கரிப்புகையிலும் அக்காவின் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கொடுக்கிற மாத்திரையை எல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்து, நர்ஸம்மாவைக் கேள்வி கேட்டே களைத்துப்போக வைத்தார். பம்பு சார் பார்க்க வந்தார். பேச மூச்சில்லாமல் படுத்திருந்த அக்கா, அவர் கிளம்பும்போது மட்டும் கையைத் தூக்கி, "நாளைக்கும் வா சார்" என்றார். மறுநாள் அவர் வந்தபோது அக்கா இல்லை.

அதன் பிறகு நடந்த தப்பு எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. துக்க வீட்டுக்கு வருகிறவர்களை நாம் வாங்க என்று அழைப்பதில்லை. அவர்களும் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை, பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். எங்கள் தெருவிலோ நன்றிக்குப் பதிலாக இருந்த ஒரே வார்த்தை நாளைக்கும் வாங்க என்பதுதான். அதைத்தான் அன்று யாரிடமும் சொல்லக் கூடாது. பாடை கட்டியவர்களுக்கும், மாலை வாங்கி வந்தவர்களுக்கும், அழுது அழுது தொண்டை கட்டிப்போன எதிர் வீட்டு அண்ணிக்கும் நாங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. பம்பு சார் கடைசிவரை நின்றார். தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் போனார்.

பிறகு அவர் வரவே இல்லை. மாதங்கள் போயின. அக்கா இருந்த வரைக்கும்தான் இவருக்கு இங்கே வேலை என்று நினைத்தேன். தரைத்தளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருப்பார்கள், லாபம் தீர்ந்துவிட்டது என்றும் நினைத்தேன். அக்காவின் இடத்திலிருந்து நன்றாகவே சந்தேகப்பட்டேன்.

சமீபத்தில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடைக்குப் பம்பு சார் மனைவியோடு புடவை எடுக்க வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. ஏன் சார் தெருப்பக்கமே வரலை என்று கேட்டேன்.

"துக்கத்துக்கு வந்துட்டு நானா வரேன்னு சொல்லப்படாது. நீங்களும் ஒண்ணும் சொல்லலை. உங்க அக்கா ஒரு நாள்கூட அதைச் சொல்லாம அனுப்பினதில்லையேம்மா. அவ போனப்பறம் யாரும் வரச் சொல்லாததால, என்னை வேண்டாம்னுட்டேள்னு நெனச்சுண்டேன்" என்றார்.

கையில் இருந்த புடவையை மடித்துக்கொண்டே இருந்தேன். இத்தனை மாதமாக நாங்கள் அவரைச் சந்தேகப்பட்டிருக்கிறோம், அவர் எங்களைச் சந்தேகப்பட்டிருக்கிறார். நடுவில் சொல்ல வேண்டிய ஆள் மட்டும் இல்லாமல் போய்விட்டார். அக்கா போனது அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக உறைத்தது. கடையில் நின்றே அழுதேன்.

இன்று வருட நினைவு நாள். நம் வழக்கப்படி துக்கம் இன்றோடு கழிகிறது. கம்பளியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்த அண்ணி, வண்டியை எடுத்து நடத்தும் தெருக்காரர்கள், ஊருக்கு வெளியிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் சித்தி, ஆஸ்பத்திரியில் அக்காவைப் பொறுத்துக்கொண்ட நர்ஸம்மா, பம்பு சார், அன்று தோள் கொடுத்த ஒவ்வொருவரும் இந்தப் பக்கத்தில் அச்சகத்துக்காரரின் அந்த வார்த்தையைத் தேடுவீர்கள். அது இல்லை.

மழை தொடங்கும் முன் கால்வாயைத் தூர் வார வேண்டும். நாளைக் காலையில் வண்டியடியில் கூடுகிறோம். மண்வெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் கையை வீசிக்கொண்டு வாருங்கள். அன்று சொல்ல முடியாமல் போனதை இன்று எல்லோருக்கும் சொல்கிறேன்.

நாளைக்கும் வாங்க.

யார் யார் வருகிறீர்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.