தாரை வார்க்கக் குடித்த கஷாயம்

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்ட உறவினர்களில் பாதிப்பேர் அம்மாவைத் "தும்மல்காரி" என்று அழைத்தவர்கள். வந்ததற்கு நன்றி. சாப்பிட்டுவிட்டு இதையும் படித்துவிட்டுப் போங்கள்.

அம்மா பிறந்தது மேட்டுப்பாளையம் பக்கம், பாக்குத் தோப்புக்கு நடுவில். சூலூருக்கு வாழ்க்கைப்பட்டு வரும்வரை அவருக்கு ஒரு சளிகூடப் பிடித்ததில்லையாம். இங்கே வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறி. பஞ்சுத் தூசியில் நின்றுதான் அண்ணனையும் என்னையும் படிக்க வைத்தார். விடிந்தால் இருபது தும்மல், நாள் முழுக்க மூக்கொழுகல். டாக்டர் அலர்ஜி என்றார். நீங்கள் அபசகுனம் என்றீர்கள். யாராவது பெண் பார்க்கக் கிளம்பினால் அம்மாவைக் கொல்லைப்புறம் அனுப்புவீர்கள். அவரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். அந்தப் பொறுமையைப் பாராட்டி எழுதச் சொன்னார் அண்ணன். எனக்கு அதன் மேல் கோபம்தான் வருகிறது.

என் கல்யாணம் நிச்சயமானதும் பெரியம்மா வந்தார்.

"ஏனம்மிணி, தாரை வாக்கறப்ப நீ தும்மிப்போட்டீன்னா புள்ளை வாழ்க்கை என்னாகறது? நாங்க ரெண்டு பேரும் நின்னு வாத்துக்கறோம்."

"அதுக்குள்ள சரி பண்ணிக்கறனுங்கக்கா" என்றார் அம்மா.

சித்த வைத்தியரிடம் நான்தான் கூட்டிப்போனேன். "அடங்குமுங்க அம்மணி, அடியோட போகாதுங்க. தூசியை உட்டு வெலகி இருக்கோணும்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஒரு மண்டலம் மருந்து. காலையில் ஆடாதோடைக் கஷாயம், மாலையில் நொச்சித்தழை ஆவி. தயிர் கூடாது, வாழைப்பழம் கூடாது. தறியை மட்டும் விட முடியவில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். கசப்பில் முகம் கோணும். "என்ற புள்ளைக்கு நாந்தானே வாக்கோணும்" என்று மடக்கென்று விழுங்குவார். இருபது தும்மல் ஐந்தானது, இரண்டானது. கடைசி வாரம் ஒன்றுகூட இல்லை.

முகூர்த்தத்தன்று அரக்குப் பட்டுக் கட்டிக்கொண்டு மணப்பெண் அறையில் தயாராக நின்றார். "ஒரு வாரம் தும்மலைன்னா சீக்கு போயிருச்சாக்கும்? வேண்டாம், இங்கயே இரு" என்றார் பெரியம்மா. அப்பா வாட்சைப் பார்த்தார். பெரியப்பாவும் பெரியம்மாவும் என்னைத் தாரை வார்த்தார்கள். தண்ணீர் விழும்போதே பெரியப்பா ஓங்கித் தும்மினார். "நூறு ஆயுசுங்க!" என்று மண்டபமே சிரித்தது.

அறைக்குத் திரும்பியபோது அம்மா கேட்டது இவ்வளவுதான்: "ஆச்சா கண்ணு? நான் ஒருக்காகூடத் தும்மலை."

அன்றோடு கஷாயத்தை நிறுத்திவிட்டார். "இனி யாருக்குக் கண்ணு?" என்றார். தும்மல் திரும்பி வந்தது. சில வருடங்களில் இரைப்பும் சேர்ந்துகொண்டது. கடைசி இரண்டு மாதம் படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே தூங்கினார்.

பொய் சொல்லாத வைத்தியருக்கு நன்றி. கடைசி நாட்களில் அம்மாவின் முதுகைத் தாங்கிப் பிடித்த அண்ணிக்கு நன்றி. மண்டபத்தில் அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டியதாகப் பெரியம்மாவைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவரை விட்டுவிடுங்கள்; அவர் வாயால் சொன்னதோடு சரி. நான் மேடைக்குக் கிளம்பியபோது அம்மா என் பின்னாலேயே வந்தார். சம்பந்தி வீட்டார் முன்னால் தும்மிவிடுவாரோ என்ற வெட்கத்தில், அறையின் வெளித்தாழ்ப்பாளைப் போட்டது நான்தான்.