சம்பந்தி கடலில் இறங்கினார்

மகள் கல்யாணம் முடிந்து மூன்றாவது மாதம், மாப்பிள்ளையின் அப்பா பொள்ளாச்சியிலிருந்து முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அடையாற்றில் இருப்பவன் விருந்தாளிக்கு எதைக் காட்டுவான்? கடலைத்தான். வருகிறவர்களையெல்லாம் பெசன்ட் நகர் கடற்கரைக்கு இழுத்துப்போவதால் உறவுக்காரர்கள் என்னை ‘கைடு’ என்றே கிண்டல் செய்வார்கள்.

காலை ஏழு மணிக்குப் போனோம். அஷ்டலட்சுமி கோயில், வேளாங்கண்ணி மாதா கோயில், பிறகு மணலில் வடக்கே நடை. ஒரு காலத்தில் இங்கே வெள்ளைக்காரத் துரைமார்கள் காற்று வாங்க வருவார்கள், மற்றபடி குப்பமும் சவுக்குத் தோப்பும்தான் என்றேன். மணலில் தனியாக நிற்கும் வெள்ளை வளைவைக் காட்டி, யாரையோ காப்பாற்றப் போய்க் கடலோடு போன ஒரு வெள்ளைக்காரருக்கு எழுப்பியது என்றேன். அவர் “அப்படீங்களா” என்று கேட்டுக்கொண்டே வந்தார். குப்பத்துப் படகுகள் கண்ணில் பட்டதும் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தர்றனுங்க. எங்கூர்ல எட்டாளு ஆழக் கெணத்துல குதிச்சு மண்ணை அள்ளிட்டு வந்தவனுங்க நான்.”

இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் அலையில்லாமல் சாதுவாகக் கிடந்தது. அதைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும். இந்தப் பக்கம் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாப்பிள்ளையின் அப்பா, முதல் வருகை. கல்யாணத்தில் ரசத்தில் உப்பு கூடியதற்கே அவர்கள் பக்கத்தில் இரண்டு நாள் பேச்சு ஓடியது.

“தண்ணி கொஞ்சம் ஜில்லுனு இருக்குங்க” என்று மட்டும் சொன்னேன்.

நாலு எட்டு நீந்தியவர் திரும்பிக் கரையைப் பார்த்துக் கையைப் போட்டார். போடப் போட உள்ளே போனார். அவர் சட்டையைப் பிடித்தபடி நான் கரையிலேயே நின்றேன். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையை வீசிவிட்டு ஓடிவந்தார்.

“யோவ் பெருசு! கரைக்கு நேரா வராத, இஸ்துக்கினு பூடும்! பக்கவாட்டுல போய்யா, பக்கவாட்டுல!”

நல்ல வேளை, அவர் காதில் விழுந்தது. நூறடி வடக்கே, படகுகளுக்குப் பக்கத்தில், தவழ்ந்து கரையேறினார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ இங்கத்த ஆளுதானே? இன்னா வேடிக்கை பாத்துக்கினு கீறே? சொல்ல மாட்டே?”

இருமி முடித்து மூச்சு வந்த பிறகு சம்பந்தி கேட்டார்.

“இழுக்கும்னு தெரியுங்களா உங்களுக்கு?”

“தெரியுங்க.”

“அப்பறம் ஏனுங்க சொல்லல?”

“நீங்க மாப்பிள்ளையோட அப்பா. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?”

சட்டையைக்கூட வாங்காமல் என்னையே பார்த்தார்.

“உங்க புள்ளைக்கும் இதையேதான் சொல்லி அனுப்பிச்சீங்களா? எங்க ஊட்டுக்கு வந்து மூணு மாசமாச்சு. எதைக் கேட்டாலும் சரிங்கறா. ஒண்ணுக்காவது வேண்டாம்னு சொன்னதே இல்லீங்க.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் மகளை உட்காரவைத்து நான் சொன்னது அதேதான். ஆமாம் என்றேன். வெட்கமாக இருந்தது.