கேட்டில் நின்ற மஞ்சள் டீசேர்ட்

தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை கண்டியை அடுத்த எங்கள் அம்பிட்டிய வீட்டில் யாரும் அந்தப் பெயரால் சொன்னதில்லை. பணம் போட்டு அனுசரணை செய்வது யாரோ, பெயரும் அவர்களுடையதுதான். ஒரு முறை டயர்க் கிண்ணம், அடுத்த முறை சீமெந்துக் கிண்ணம், போன முறை போன் கிண்ணம். கம்பனிகள் மாறும், தங்கையின் கணவர், என் மச்சான், மாறமாட்டார். போன் கம்பனி சும்மா கொடுத்த மஞ்சள் டீசேர்ட்டுகளை அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். துணி நல்ல துணியாம்.

இந்த முறை பெண்கள் கிண்ணம். ஓர் ஆட்டம் கண்டிக்கே வந்துவிட்டது. கோல்கீப்பர் மச்சானுடைய மகள்! நாட்டுக்காக அவள் இறங்கும் முதல் ஆட்டம். தேசிய கீதம் பாடும்போது அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றால்தான் பயம் போகும், கண்ணில் படுகிற மாதிரி வாருங்கள் என்று போனில் சொல்லியிருந்தாள். மச்சானுக்குக் கேட்கவா வேண்டும்? ஆளுக்கொரு மஞ்சள் டீசேர்ட்டை மாட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

மைதானத்துக் கேட்டில் காவலர் மறித்தார். அனுசரணை இப்போது வேறொரு போன் கம்பனியாம். போட்டிக் கம்பனியின் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாதாம். உள்பக்கம் திருப்பிப் போடுங்கள் என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் சொன்னார். நான் ஒரு மூலைக்குப் போய்த் திருப்பிக்கொண்டேன். தங்கை துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். மச்சானுக்கோ கோபம் மூக்குக்கு மேல்.

"மக வெளையாடுறதப் பாக்க வந்திருக்கேன். யாருக்கும் வெளம்பரம் பண்ண வரல. நான் எதுக்குத் திருப்பணும்?"

காவலரிடம், அவருடைய மேலதிகாரியிடம், வரிசையில் நின்றவர்களிடம் என்று ஒருவரையும் விடாமல் வாதாடினார். எனக்கு எரிச்சலாக வந்தது. திருப்பித் தொலையுங்களேன் மச்சான் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அப்போது உள்ளே தேசிய கீதம் தொடங்கியது. மனிதருக்கு முகமே செத்துப்போனது. அந்த இடத்திலேயே கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஓடினார். நாங்கள் படியேறியபோது பந்து உருளத் தொடங்கிவிட்டது.

பிள்ளை அன்று பாய்ந்து பாய்ந்து பிடித்தாள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மச்சான் மட்டும் கையைக்கூடத் தட்டவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கம்பி வேலிக்கு ஓடி வந்தாள்.

"பாட்டு போட்டப்ப தேடுனேம்ப்பா. எங்க இருந்தீங்க?"

கேட்டில் அத்தனை பேரோடு பேசிய மச்சான், கம்பிக்குள் கையை விட்டு, அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே நின்றார்.