அமுதா எந்தப் பக்கம் திரும்பினாள்

1. கூட்ஸ் வண்டிக்குப் பின்னால்

அன்று காலை எட்டு மணி சுமாருக்கு என் வண்டி ஆம்பூரைத் தாண்டி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஜோலார்பேட்டையில் நான் சார்ஜ் எடுத்த சென்னை எக்ஸ்பிரஸ். சிக்னல் எல்லாம் பச்சை. பக்கத்து சீட்டில் அசிஸ்டென்ட் சதீஷ். எதிர்ப் பாதையில், எங்களுக்கு வலது பக்கம், நீளமான கூட்ஸ் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. கூட்ஸின் கடைசிப் பெட்டி நெருங்கும்போது அதன் கார்டுக்கு ‘ஆல்ரைட்’ காட்ட வேண்டும். எதிரெதிரே போகும் இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று பார்த்து, தொங்குவது, புகைவது எதுவும் இல்லை என்று கொடி அசைத்துச் சொல்லிக்கொள்வதுதான் ஆல்ரைட். அதற்காக சதீஷ் வலது ஜன்னலில் கொடியோடு நின்றார்.

அந்த இடத்தில் ஒரு சப்வே உண்டு. தண்டவாளத்துக்கு அடியில் ஜனங்கள் நடந்து போக வெட்டிய பாதை. நான்கு நாளாக மழை. இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் மேலே ஏறி, தண்டவாளத்தைக் கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் கம்பெனி வேனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்ஸின் கடைசிப் பெட்டி அந்த இடத்தைக் கடந்ததும் ஒரு பெண் சட்டென்று இறங்கி நடந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. முதல் பாதையைத் தாண்டி என் பாதைக்குள் வந்தாள். கூட்ஸ் போட்ட சத்தத்தில் என் வண்டி வருவது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஹார்னை அழுத்திய கையை நான் எடுக்கவே இல்லை. எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அந்த வேகத்தில் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டருக்குப் பக்கம் வேண்டும். எனக்கு இருந்தது ஒரு தென்னந்தோப்பின் நீளம்கூட இல்லை.

ஹார்ன் கேட்டு அவள் திரும்பினாள். என் பக்கம் திரும்பினாள். கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். அந்தச் சமயம் கூட்ஸ் விலகி வலது பக்கம் திறந்தது. இன்னொரு பெண் அங்கே கையைத் தூக்கி, வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது. எதற்கு பிரேக் என்று தெரியாமல் சதீஷும் ஏதோ கத்தினார். ஒரு கை தூரத்தில் இருந்த அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஹார்ன் அப்படி.

அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

வண்டி நின்றதும் எங்கள் வண்டியின் கார்டோடு சதீஷ் பின்னால் நடந்து போனார். எஞ்சினை விட்டு நான் இறங்கக் கூடாது. வாக்கியில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னேன். திரும்பி வந்த சதீஷ் தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். என்னாலும் திறக்க முடியவில்லை. இரண்டு பேரும் அதைக் கீழே வைத்துவிட்டோம். ஒரு பயணி எஞ்சின் வரைக்கும் நடந்து வந்து, “இன்னும் எவ்ளோ லேட் ஆகும் சார்?” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. லைன் கிளியர் என்று சொன்னார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு சென்னை போய்ச் சேர்ந்தேன்.

2. கேட்ட கேள்விகள்

பிறகு ஸ்டேட்மென்ட். வேகம் என்ன, சிக்னல் என்ன, ஹார்ன் கொடுத்தீரா, எந்த இடத்தில் பிரேக் போட்டீர். நான்குக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மேல் தப்பு இல்லை என்று முடிந்தது. அவள் எந்தப் பக்கம் பார்த்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுப்பா. ஜாஸ்தி பேசுனா ஜாஸ்தி பேஜார்” என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். சர்வீஸ் முழுக்க அப்படித்தான் நடந்துகொண்டேன். அதில் பெருமைகூட இருந்தது.

செத்துப்போன பெண்ணின் பெயர் அமுதா என்று அந்தக் காகிதங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கூட இருந்தவள் பெயர் ஜெயந்தி. ஒரே தெரு, ஒரே கம்பெனி, ஸ்டிச்சிங்கில் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

எனக்கு அது முதல் கேஸ் இல்லை. எத்தனையாவது என்று சொல்லவும் விருப்பம் இல்லை. முன்பெல்லாம் எதிரில் இருந்தவர்கள் முகத்தை நான் பார்த்ததில்லை. இதில் பார்த்துவிட்டேன்.

வீட்டில் சோற்றில் கை வைத்தால் அந்த முகம் வந்தது. “இன்னாங்க, பாதியில எழுந்துட்டீங்க?” என்று என் மனைவி கமலா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். மூன்றாம் நாளே டூட்டிக்குப் போனேன். லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் மனசு சரியில்லாதவன் என்று எழுதிவிடுவார்கள், வண்டி கொடுக்க மாட்டார்கள் என்று பயம். அப்படி யாராவது செய்தார்களா என்று விசாரித்துப் பார்த்ததுகூட இல்லை. நானாகவே பயந்துகொண்டேன்.

அந்த சப்வே வரும்போதெல்லாம் ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே ஹார்னை அழுத்துவேன். தண்ணீர் வடிந்து, ஜனங்கள் ஒழுங்காகக் கீழே நடக்க ஆரம்பித்த பிறகும் அழுத்துவேன்.

3. லாபியில் வந்து நின்றவள்

பதினைந்து நாள் கழிந்திருக்கும். ஜோலார்பேட்டை லாபியில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். லாபி என்பது நாங்கள் டூட்டிக்கு வந்து பதிவு செய்யும் ஆபீஸ். கிளார்க் உள்ளே வந்தார்.

“அண்ணே, ஒரு பொண்ணு வந்திருக்கு. அந்த ஆம்பூர் கேஸ்ல கூட இருந்த பொண்ணாம். ட்ரைவரப் பாக்கணும்னு நிக்குது.”

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். கையைத் தூக்கி நின்ற அதே பெண். இப்போது கை இரண்டையும் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டு நின்றாள்.

பல வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு கேஸில், செத்தவரின் தம்பி பிளாட்பாரத்தில் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். “மனுசனா நீ? நிறுத்த முடியலையா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் சொல்லும், வாய் சொல்லாது. இவளும் அதைத்தான் கேட்க வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

“நான் வண்டி எடுத்துக்கினு லைன்ல போய்ட்டேன்னு சொல்லிடு” என்றேன். ஷெட் பக்கமாக இருந்த கதவைத் திறந்து வெளியே போனேன். மத்தியானம் வரைக்கும் அவள் உட்கார்ந்திருந்தாள் என்று கிளார்க் பிறகு சொன்னார். அடுத்த வாரம் திரும்பவும் வந்தாள். அன்று நிஜமாகவே நான் லைனில் இருந்தேன். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி ஆனது. இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் நிம்மதிதான் ஆனது.

4. சதீஷ் பேசினார்

ஆறு வருஷம் போனது. நான் ரிடையர் ஆகி இரண்டு வருஷம். சதீஷ் லோகோ பைலட் ஆகி, தனியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை போன் செய்தார்.

“சார், நேத்து எனக்கு ஒரு கேஸ் ஆய்டுச்சு.”

“எங்கப்பா?”

“காட்பாடி தாண்டி. ஒரு பெரியவர்.” உடனே கேட்டார். “சார், அந்த ஆம்பூர் பொண்ண நீங்க எப்டி சார் மறந்தீங்க?”

“மறக்கலப்பா” என்றேன். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

“நான் பரவால்ல சார், அன்னிக்கி நான் எதையும் பாக்கல. கூட்ஸ் கார்டுக்குக் கொடி காட்டிக்கினு இருந்தேன். திரும்பறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. அதான் அந்தக் கூட இருந்த பொண்ணு வந்து கேட்டப்ப எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

“உன்கிட்ட இன்னா கேட்டுச்சு?”

“ரெண்டாந்தரம் வந்தப்ப நான் லாபில இருந்தேன் சார். ‘அமுதான்னு நான் கத்துனேன். என் குரல் கேட்டுதான் அவ நடுவுல நின்னாளா? நான் கூப்புடலன்னா ஓடியிருப்பாளா?’ன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாதும்மா, ட்ரைவர்தான் பாத்தாருன்னு சொன்னேன். போய்டுச்சு. உங்ககிட்ட சொன்னா கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டேன் சார்.”

போனை வைத்த பிறகுதான் புரிந்தது. அவள் என்னைத் திட்ட வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்தாள். அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் நான். நான் பின் கதவு வழியாகப் போய்விட்டேன்.

5. பேரணாம்பட்டு பஸ்

கமலாவிடம் அன்றுதான் முழுதையும் சொன்னேன். அவள், “நாளைக்கே கெளம்புங்க” என்று மட்டும் சொன்னாள்.

அமுதாவும் ஜெயந்தியும் இருந்த ஊரை விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். ஜெயந்தி அங்கே இல்லை. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா விவரம் சொன்னார்.

“போலீஸ்ல அவளே சொன்னாளாம், நான் கூப்ட்டேன்னு. அமுதாவோட அம்மா அதையே புடிச்சிக்கிச்சு. ‘நீ வாய மூடிக்கினு இருந்திருந்தா எம்பொண்ணு தாண்டிப் போயிருப்பா’ன்னு வாசல்ல நின்னு சொல்லும். டெய்லி சொல்லும். இவளும் ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டா. கடசில கம்பெனியும் வேணாம், ஊரும் வேணாம்னு பேரணாம்பட்டுல அக்கா வீட்டாண்ட போய்ட்டா.”

பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினேன். தோல் ஷெட்டுகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஜெயந்தி முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். கை நின்றது.

“உக்காருங்க சார்” என்றாள். உட்கார்ந்தேன். அவளே கேட்டாள்.

“நான் கத்துனது அவளுக்குக் கேட்டுச்சா சார்?”

“இல்லம்மா. கேட்டிருக்காது. ஹார்ன் அடிச்சிக்கினே இருந்தேன். எம்பக்கத்துல இருந்தவர் கத்துனதே எனக்குக் கேக்கல.”

“அப்புறம் ஏன் நின்னா?”

“எஞ்சினப் பாத்துதான் நின்னாங்க.”

“உங்களுக்கு எப்டித் தெரியும்?”

எழுந்து நின்று காட்டினேன். அமுதா இப்படி நடந்து போனார், நீ அவருக்குப் பின்னால் இங்கே நின்றாய், நான் இந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்றேன். “உன் குரல் கேட்டிருந்தா பின்னால உன்னத்தான் பாத்திருப்பாங்க. பின்னால பாக்கலம்மா. என் பக்கம் திரும்புனாங்க. என் முகத்தப் பாத்தாங்க. அதுக்கப்புறந்தான் நீ கையத் தூக்குனத நான் பாத்தேன்.”

“உங்க முகத்தயா?”

“ஆமாம்மா.”

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அமுதா கடைசியாகப் பார்த்தது இதைத்தானா என்று என் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி பார்த்தாள். நான் திரும்ப உட்கார்ந்து, தலையைத் திருப்பாமல் இருந்தேன். என்னால் அன்று செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் முறத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அழுதாள். சத்தம் வராத அழுகை. உள்ளேயிருந்து அக்கா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் அடங்கியதும் ஜெயந்தி, “என் பொண்ணு ரோட்ல போனாக்கூட பின்னாலேர்ந்து கூப்புட மாட்டேன் சார். ஓடிப்போய்க் கையப் புடிப்பேன். என் வாய்க்கு அவ்ளோ பயம்” என்றாள்.

“அமுதாவோட அம்மாகிட்டயும் நானே வந்து சொல்றேம்மா. இப்பவே போலாம்” என்றேன்.

“அவங்க போன மாசில தவறிட்டாங்க சார்” என்றாள். “சாவுக்கு நான் போனேன். தூரமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.”

அவளே திரும்பவும் கேட்டாள்.

“நான் முதல்ல வந்தேனே, அன்னிக்கி நீங்க உள்ள இருந்தீங்களா சார்?”

பொய் சொல்லியிருக்கலாம். “இருந்தேம்மா. பின்னால கதவு வழியா போய்ட்டேன்.”

“இன்னா சார் நீங்க” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பிளாட்பாரத்தில் சட்டையைப் பிடித்தவர் கேட்டதைவிட இது அதிகமாக உறைத்தது. அக்கா கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். நான் வந்ததால் அவளுக்கு எவ்வளவு ஆறியது என்று எனக்குத் தெரியாது. என் நம்பரைக் கொடுத்தேன். இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நினைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை.

இப்போது ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல விரும்புகிறேன். கேஸ் ஆனால் லீவு கேளுங்கள். உடம்புக்கு என்று பொய் எழுதாதீர்கள், மனசுக்கு என்றே கேளுங்கள். டாக்டரிடம் போங்கள், வீட்டில் வாயைத் திறந்து சொல்லுங்கள். சதீஷ் அன்று என்னிடம் பேசிய கையோடு லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்று நன்றாக ஓட்டுகிறார்.

இன்னொன்று. நாம் பார்த்ததை நம் கஷ்டம் என்று மட்டும் நினைத்துப் பூட்டி வைக்கிறோம். தண்டவாளத்தின் அந்தப் பக்கமும் ஒருவர் நின்று பார்த்திருப்பார். அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று நமக்குத் தெரிந்திருக்கும். யாராவது தேடி வந்தால் எழுந்து போய்ப் பாருங்கள். திட்டினாலும் நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

‘என் பக்கம் திரும்பினாள்.’ சொல்ல மூன்று வார்த்தை. அதை அந்தத் தாய் தெரிந்துகொள்ளாமலே போய்ச் சேர்ந்தார்.